பெரியவர்களுக்கு டெட்டனஸ் தடுப்பூசி: கணக்கைச் சரிசெய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

"கடைசியாக டிடி ஊசி எப்போது போட்டீர்கள்?" காயத்தோடு போனால் மருந்துக்கடையிலும் கிளினிக்கிலும் கேட்பது இதைத்தான். "ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றால் உடனே ஒரு ஊசி. "போன மாசம்தான்" என்றால் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். இதுவரை மொத்தம் எத்தனை ஊசி என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. விஷயமே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து லேத் பட்டறைகளிலும் மாட்டுப் பண்ணைகளிலும் வேலைக்குச் சேர்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்து வருகிறேன். தடுமாறும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். கீழே சொல்லும் வரிசைப்படி போனால் உங்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும்: எத்தனை டோஸ், கடைசி டோஸ் எந்தத் தேதி, அடுத்தது எப்போது. ஊசியை முடிவுசெய்வது மருத்துவர்தான். ஆனால் அவர் சரியாக முடிவுசெய்ய இந்தச் சீட்டு வேண்டும்.

1. "எப்போது" என்பதற்கு முன் "எத்தனை" என்று கேளுங்கள்

டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அவை லேசில் மசியாது. ஆழமான, காற்றுப் புகாத காயத்துக்குள் போனால் வித்து முளைத்து நச்சை வெளியிடும். அந்த நச்சு நரம்பு வழியே ஏறி, தசைகளைத் தளரச்செய்யும் கட்டளைகளை நிறுத்திவிடுகிறது. தாடை இறுகுவதும் உடல் வில்லாய் வளைவதும் அதனால்தான்.

தடுப்பூசியில் இருப்பது வீரியம் நீக்கிய அதே நச்சு. முதல் டோஸ் உடலுக்கு ஓர் அறிமுகம் மட்டுமே. அதை நம்பி இருக்க முடியாது. இரண்டாவது டோஸ் போட்டு இரண்டு, மூன்று வாரம் ஆனபின் பெரும்பாலோருக்குப் போதுமான எதிர்ப்பொருள் உருவாகிவிடும். மூன்றாவது டோஸ்தான் அதைப் பல ஆண்டுகளுக்கு நீட்டிக்கிறது.

இதனால் ஒரு வேடிக்கையான நிலைமை வரும். வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி, அதுவும் ஐந்து மாதத்துக்கு முன் போட்டவர் 'ஆறு மாதம் ஆகவில்லை, பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று நினைப்பார். அவருக்குப் பாதுகாப்பு கிடையாது. சிறுவயதில் எல்லா ஊசியும் போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்பது வருடம் ஆனவர் பயந்துகொண்டிருப்பார். அவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். இது ஆளுக்கு ஆள் தொற்றும் நோய் இல்லை. மண்ணிலிருந்து நேரே உங்கள் காயத்துக்கு வருவது. அதனால் ஊரே ஊசி போட்டிருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. அதோடு, இந்த நோய் வந்து பிழைத்தவருக்கும் இயற்கையாக எதிர்ப்பு உண்டாவதில்லை. அவரும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

2. ஆதாரங்களைத் தேடி எடுங்கள்

ஒரு காகிதத்தை எடுத்து, நடந்தது எதுவோ அதை ஆண்டோடு எழுதுங்கள். ஞாபகத்தில் இருப்பதைத் தனியாகவும், அட்டையிலோ சீட்டிலோ இருப்பதைத் தனியாகவும் எழுத வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் பின்னால் பிரிக்க முடியாது.

தேட வேண்டிய இடங்கள்: குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை, பள்ளியில் போட்ட ஊசி, பெண்களுக்குத் தாய் சேய் நல அட்டை, அறுவைச் சிகிச்சை டிஸ்சார்ஜ் சீட்டுகள், நாய்க்கடிக்குப் போன சீட்டு. வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களிடம் மருத்துவப் பரிசோதனைக் காகிதங்களும் இருக்கும். அட்டைகளில் இந்த ஊசி 'ரண ஜன்னி' என்றோ 'முத்தடுப்பு ஊசி' என்றோ இருக்கலாம். முத்தடுப்பு ஊசியிலும் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியிலும் டெட்டனஸ் டோஸ் அடக்கம். நிறைய பேர் இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பிறந்த ஆண்டும் ஒரு துப்பு. இந்தியாவில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978-இல் தொடங்கியது. அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-இல் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குக் குழந்தைப் பருவ டோஸ் ஒன்றுகூட இருக்காது. அட்டை இல்லாத 50 வயதுக்காரர் "சின்ன வயசுல போட்டிருப்பாங்க" என்று சொன்னால் நான் பூஜ்யம் என்றே எழுதுவேன்.

வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இங்கே பெரிய வித்தியாசம் தெரியும். இரண்டு பிள்ளை பெற்ற அம்மாவுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஊசி போட்டிருப்பார்கள். மொத்தம் மூன்று அல்லது நான்கு தேறும், பெரும்பாலும் அட்டையும் இருக்கும். அப்பாவுக்கோ அடிபட்டபோது போட்டவைதான், அவற்றுக்கும் சீட்டு இருக்காது. மண்ணோடும் இரும்போடும் அதிகம் புழங்குவது அவராகவே இருந்தாலும் நிலைமை இதுதான்.

3. எது டோஸ், எது டோஸ் இல்லை

விதி ஒன்று: இரண்டு டோஸுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு முறை அடிபட்டு இரண்டு முறை ஊசி போட்டிருந்தால் அதை ஒன்றாகவே எழுதுங்கள். முதல் ஊசிக்கான எதிர்வினை முடியும் முன் போடும் இரண்டாவது ஊசி உடலுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத்தராது.

விதி இரண்டு: இடைவெளி அதிகமானால் டோஸ் வீணாகிவிடாது. முதல் டோஸ் 2015-இல், இரண்டாவது 2021-இல் என்றாலும் அது இரண்டுதான். "ரொம்ப நாள் விட்டுப்போச்சு, முதல்ல இருந்து போடணும்" என்பது தவறு. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

விதி மூன்று: டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் ஊசி தடுப்பூசி டோஸ் ஆகாது. அது வேறொருவர் உடலில் உருவான எதிர்ப்பொருளைத் தயாராக எடுத்து ஏற்றுவது. சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஒரே நாளில் இரண்டு ஊசி போட்ட சீட்டைக் காட்டி "ரெண்டு டோஸ் ஆச்சு" என்பவர்கள் நிறைய.

விதி நான்கு: எழுத்தில் இல்லாதது கணக்கில் இல்லை. இது கடுமையாகத் தோன்றும். ஆனால் ஒரு டோஸ் கூடுதலாகப் போட்டால் பெரும்பாலும் இரண்டு நாள் கை வலிக்கும், அவ்வளவுதான். இல்லாத டோஸை இருப்பதாக நினைத்தால் ஆபத்து உயிருக்கு.

ஓர் எடுத்துக்காட்டு: இப்போது 24 வயதான ஒருவர் அரசு அட்டவணைப்படி எல்லாம் போட்டிருந்தால் 6, 10, 14 வாரங்களில் மூன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று, 5 வயதையொட்டி ஒன்று, 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று என ஏழு டோஸ் ஆகிறது. அடுத்த பூஸ்டரை 26 வயதில் யோசித்தால் போதும். அதுவரை சின்னச்சின்னக் கீறலுக்கெல்லாம் ஊசி தேவையில்லை.

ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் அளவு பார்க்கலாமே என்று கேட்பார்கள். பார்க்கலாம்தான். ஆனால் அதற்கு ஆகும் செலவிலும் நேரத்திலும் ஊசியையே போட்டு முடித்துவிடலாம்.

4. மூன்றுக்குக் குறைவா? தொடரை முடியுங்கள்

பூஜ்யம் என்றால்: இன்று ஒன்று, குறைந்தது நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து 6 முதல் 12 மாதத்துக்குள் மூன்றாவது. ஒன்றோ இரண்டோ இருந்தால் மீதியை மட்டும் போட்டால் போதும்.

அதன் பிறகு இரண்டு வழிமுறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பெரியவரான பின் தொடங்குபவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் மொத்தம் ஐந்து டோஸ் சொல்கிறது. நான்காவதும் ஐந்தாவதும் குறைந்தது ஒவ்வொரு வருட இடைவெளியில். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மூன்றோடு முடித்து, பத்து வருடத்துக்கு ஒரு பூஸ்டர் என்கிறது. எதைப் பின்பற்றுவது என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். முதல் மூன்று டோஸ் இரண்டிலும் ஒன்றேதான். அதை முடிப்பதற்குள்தான் முக்கால்வாசிப் பேர் காணாமல் போகிறார்கள்.

அதிகம் தவறுவது மூன்றாவது டோஸ். ஆறு மாதம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? இரண்டாவது ஊசி போட்ட அன்றே மூன்றாவதின் தேதியைக் கைபேசியில் நினைவூட்டலாக வைத்துவிடுங்கள். பட்டறையில் சம்பள நாளோடு சேர்த்து வைக்கச் சொல்கிறேன். அன்றைக்கு யாரும் லீவு போடுவதில்லை.

5. எந்த ஊசி, எங்கே போடுவது

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்றில் டெட்டனஸ் மட்டும். மற்றொன்றில் தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவுக்கான மருந்தும் குறைந்த அளவில் சேர்ந்திருக்கும். வாயால் சொன்னால் இரண்டும் 'டிடி' என்றே காதில் விழும்; அதனால் பெட்டியின் மேல் இருப்பதைப் படித்துப்பாருங்கள். இரண்டும் கிடைத்தால் கூட்டு ஊசியைக் கேளுங்கள். டிப்தீரியாவுக்கான எதிர்ப்பும் வயதாக ஆகக் குறைந்துகொண்டே வரும்; ஒரே குத்தில் இரண்டும் முடியும். அரசுத் திட்டத்திலும் டெட்டனஸ் மட்டும் உள்ள ஊசிக்குப் பதில் இப்போது கூட்டு ஊசிதான். கூட்டு ஊசி இல்லையென்றால் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கக்குவான் இருமலையும் சேர்த்துத் தடுக்கும் மூன்றாவது வகை தனியார் மருத்துவமனைகளில் உண்டு, விலை அதிகம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஒரு முறையாவது அதைப் போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவதாக இருந்தால் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். காயம்பட்டவருக்கும் கர்ப்பிணிக்கும் கேள்வி இல்லாமல் போடுவார்கள். 'தொடரை முடிக்க வந்தேன்' என்று நல்ல உடம்போடு போய் நிற்கும் 45 வயது ஆணைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். அப்போது அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

மருந்துக்கடையில் ஆம்பியூல் வாங்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடப்பது நம் ஊர் வழக்கம். அப்படியானால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இதற்கான வெப்பநிலை. வெயிலைவிட இந்த ஊசிக்கு எமன் உறைபனி. ஒரு தடவை உறைந்தால் மருந்து கெட்டுவிடும், பிறகு உருகினாலும் பழைய நிலைக்கு வராது. ஐஸ் கட்டிமேல் நேரடியாக வைத்து எடுத்துப்போவதும் ஃப்ரீசரில் வைப்பதும் அதனால்தான் கூடாது. குலுக்கினால் ஒரே சீராக வெண்மையாய்க் கலங்க வேண்டும். கட்டி கட்டியாய் நின்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

6. ஊசி போடும் நாள்

அளவு அரை மில்லி, தோள்பட்டைக்குக் கீழே மேல்கைத் தசையில். சட்டையைக் கழற்றச் சோம்பல்பட்டு "இடுப்புலயே போடுங்க" என்பவர்கள் உண்டு. இடுப்பில் கொழுப்பு அதிகம், மருந்து தசைக்குப் போகாமல் நின்றுவிடலாம். கால் நரம்பும் அந்த வழியாகத்தான் போகிறது. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

முன்பு இந்த ஊசிக்கு மூச்சுத்திணறல், உடல் முழுக்கத் தடிப்பு போன்ற கடும் ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். முந்தைய டோஸுக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கை கால் வலுவிழக்கும் கியான் பாரே பாதிப்பு வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தெரிவித்தால் சன்னமான ஊசி போட்டு, இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். லேசான சளி, இருமல் தடை இல்லை.

போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள். அப்புறம் ஒன்றிரண்டு நாள் கை வலி, லேசான வீக்கம், சிலருக்குக் கொஞ்சம் காய்ச்சல். கிளம்பும் முன் தேதி, ஊசியின் பெயர், தொகுதி எண் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். வெறும் பில் போதாது.

7. காயம் பட்டால்: கழுவு, பார், எண்ணு, அப்புறம் ஊசி

இந்த வரிசை முக்கியம். பலர் ஊசியில் தொடங்கி ஊசியிலேயே முடித்துவிடுகிறார்கள்.

முதலில் ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். உள்ளே மண், முள், துரு, துணி நூல் இருந்தால் எடுக்க வேண்டும். ஆழமாக இருந்தால் மருத்துவர் எடுக்கட்டும். வித்து முளைக்கத் தேவை செத்த சதையும் காற்றில்லாத இடமும். அவற்றை நீக்கினாலே பாதி வேலை முடிந்தது. காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணிச் சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். நாய், பூனை கடித்திருந்தால் 15 நிமிடம் கழுவிவிட்டு வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கும் சேர்த்தே ஓட வேண்டும். டெட்டனஸ் ஊசி அதற்கு மாற்று ஆகாது.

அடுத்து, காயம் எந்த வகை என்று பாருங்கள். காய்கறி நறுக்கும்போது பட்ட சுத்தமான சிறு வெட்டு ஒரு வகை. மண், சாணம், எச்சில் பட்டது, ஆணி முள் குத்தியது, நசுங்கியது, பிய்ந்தது, தீக்காயம் இவையெல்லாம் அழுக்குக் காயம். துருப்பிடித்த ஆணிதான் ஆபத்து என்ற நம்பிக்கை அரைகுறையானது: துருவுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை, மண்ணில் கிடந்த ஆணி ஆழமாகக் குத்துவதுதான் பிரச்சினை. தோட்டத்தில் குத்திய கருவேல முள்ளும் அதே ரகம்தான்.

இப்போது சீட்டை எடுங்கள்.

மூன்று டோஸோ அதற்கு மேலோ இருந்தால்: சுத்தமான சிறு காயத்துக்குக் கடைசி டோஸ் போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மட்டுமே ஊசி. அழுக்குக் காயத்துக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தால் ஊசி. இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

மூன்றுக்குக் குறைவு, அல்லது தெரியவில்லை என்றால்: எந்தக் காயமானாலும் ஊசி. அழுக்குக் காயமானால் அதோடு இம்யூனோகுளோபுலினும், வேறு சிரிஞ்சில், வேறு இடத்தில். வழக்கமான அளவு 250 யூனிட். நோய் மூன்றாம் நாளிலேயே தலைகாட்டலாம். முதல் டோஸ் வேலைசெய்ய வாரக்கணக்காகும். அந்த இடைவெளியைத் தயார்நிலை எதிர்ப்பொருள் அடைக்கிறது. வீட்டுக்கு வந்தபின் தொடரின் மீதி டோஸ்களை முடிக்க வேண்டும். காயம் ஆறியதும் மறந்துபோவது இதைத்தான்.

இம்யூனோகுளோபுலின் எல்லாக் கடைகளிலும் இருக்காது, விலையும் கூடுதல். பெரிய காயம், ஆதாரம் எதுவும் இல்லை என்றால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய் "இதுவரை டிடி போட்டதாக அட்டை எதுவும் இல்லை" என்று நீங்களே சொல்லுங்கள். சொன்னால்தான் யோசிப்பார்கள்.

"24 மணி நேரம் தாண்டிவிட்டது, இனிப் போட்டு என்ன?" என்று இருந்துவிடுபவர்களும் உண்டு. சீக்கிரம் போடுவது நல்லதுதான். ஆனால் நோய் வெளிப்படும் காலம் பெரும்பாலும் 3 முதல் 21 நாள். மூன்றாம் நாள் நினைவு வந்தாலும் போய்ப் போடுங்கள்.

8. ஆறு மாதக் கணக்கை விட்டுவிடுங்கள்

தொடரை முடித்தவர் ஒவ்வொரு கீறலுக்கும் ஊசி போட்டால் பாதுகாப்பு கூடாது. எதிர்ப்பொருள் ஏற்கெனவே அதிகமாக இருக்கும் உடலில் மறுபடி மறுபடி மருந்து ஏறினால், சில மணி நேரத்தில் தோளிலிருந்து முழங்கைவரை வீங்கிக் கடுமையாக வலிக்கலாம். அப்படி ஒருமுறை வந்தவருக்குப் பத்து வருடம் ஆகும் முன் அடுத்த ஊசி போடுவதில்லை, காயம் பட்டாலும்கூட. மேஸ்திரிகளிடம் இதைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது. ஊசி போட்டு அனுப்பினால் கடமை முடிந்தது என்ற நிம்மதி அவர்களுக்கு.

9. தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள்: கர்ப்பம் உறுதியானதும் ஒரு டோஸ், நான்கு வாரம் கழித்து இரண்டாவது. முந்தைய கர்ப்பத்தில் இரண்டு டோஸ் போட்டு மூன்று வருடத்துக்குள் மறுபடி கருவுற்றால் ஒன்று போதும். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. தொப்புள் காயத்தில் அதைக் காப்பது அதுதான். பிரசவத்துக்குப் பின் அட்டையைத் தூக்கிப்போடாதீர்கள், அது உங்கள் சொந்தக் கணக்கும்கூட.

சர்க்கரை நோயாளிகள்: காலில் உணர்ச்சி இல்லாததால் குத்தியதே தெரியாது, ஆறாத புண்ணும் கிருமிக்கு வாசல்தான். இவர்கள் காயத்துக்குக் காத்திராமல் இப்போதே தொடரை முடிப்பது நல்லது.

எச்.ஐ.வி. உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தவர்களும்: அழுக்குக் காயம் என்றால் எத்தனை டோஸ் போட்டிருந்தாலும் இம்யூனோகுளோபுலின் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

10. இந்த அறிகுறிகள் வந்தால் சீட்டைத் தேடாதீர்கள்

வாயைத் திறக்க முடியாமை, கழுத்து விறைப்பு, விழுங்கச் சிரமம், வயிறு பலகை போல் இறுகுவது, சத்தம் கேட்டாலோ தொட்டாலோ உடல் வெட்டி இழுப்பது. காயம் ஆறிப்போயிருந்தாலும், காயமே நினைவில் இல்லாவிட்டாலும், உடனே 108. பல் வலி, வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க நேரமில்லை: நரம்பில் ஒட்டிக்கொண்ட நச்சை எந்த மருந்தாலும் பிரித்தெடுக்க முடியாது, இனி ஒட்டப்போவதைத்தான் தடுக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு, வழியில் வெளிச்சமும் சத்தமும் குறைவாக இருக்கும்படி கொண்டுபோங்கள். குணமாகி வீடு திரும்பும் முன் அவருக்கும் தடுப்பூசித் தொடர் ஆரம்பித்தார்களா என்று கேட்டு, முதல் டோஸின் தேதியைச் சீட்டில் எழுதுங்கள்.